ஆப்லாக்கர் மக்கர் பண்ணும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

'புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டு ஃபோல்டர்களில் இருப்பது மட்டும் ஓடலாம். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென் டிரைவில் இருந்து எதுவும் ஓடக் கூடாது' என்று அலுவலகக் கணினிகளில் ஆப்லாக்கர் (எந்தப் புரோகிராம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி) பாலிசி போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலிசி போட்ட மறுநாள் காலையிலேயே ஃபோன் அடிக்கத் தொடங்கும். "சார், நேத்து ஓடுச்சு, இன்னிக்கு அட்மின் பிளாக் பண்ணிட்டாங்கன்னு வருது." இடம் மாறினாலும் புகார்கள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், தலைவலி பிடித்தது கடைசியில். விண்டோஸ் 10, 11 கணினிகள், குரூப் பாலிசி (சர்வரில் இருந்து எல்லாக் கணினிக்கும் அமைப்புகளை அனுப்பும் வசதி) வழியாக வரும் ரூல்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த ரூலைத் தொடும் முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஃபோல்டரில் சாதாரண யூசரால் ஃபைல் எழுத முடியுமா? முடியும் என்றால், அங்கே பாத் ரூல் (ஃபைல் இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யும் ரூல்) போட்டு அனுமதிப்பது பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிடுவதுதான்.

## முதலில்: தடுத்தது ஆப்லாக்கர்தானா?

பாதி நேரம் இங்கேதான் வீணாகிறது. விண்டோஸில் காவலாளிகள் பலர், போடும் செய்தியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். யூசர் படித்துக் காட்டும் வாசகத்தை நம்பாமல் நேராக ஈவன்ட் வியூவரைத் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆப்லாக்கர் என்று உள்ளே போனால் நான்கு லாக் இருக்கும்: எக்ஸ்இ-டிஎல்எல் ஒன்று, எம்எஸ்ஐ-ஸ்கிரிப்ட் ஒன்று, பேக்கேஜ்டு ஆப் வகைக்கு இரண்டு.

- 8004 இருந்தால் எக்ஸ்இ அல்லது டிஎல்எல் தடுக்கப்பட்டது. 8003 என்றால் ஆடிட் மட்டும். ஓட விட்டிருக்கிறது, 'அமலில் இருந்தால் தடுத்திருப்பேன்' என்று குறித்து வைத்திருக்கிறது.
- 8007 என்றால் ஸ்கிரிப்ட் அல்லது எம்எஸ்ஐ தடுக்கப்பட்டது. அதன் ஆடிட் எண் 8006.
- 8022 என்றால் ஸ்டோர் வகை ஆப் தடுக்கப்பட்டது.
- இவை எதுவும் இல்லாமல், கோட் இன்டெக்ரிட்டி லாகில் 3077 இருந்தால் தடுத்தது ஆப் கன்ட்ரோல், அதாவது முன்பு டபிள்யூடாக் என்று சொன்னது. டிஃபெண்டர் லாகில் 1121 இருந்தால் அட்டாக் சர்ஃபேஸ் ரூல். 1123 இருந்தால் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்.
- அப்ளிகேஷன் லாகில் 865 இருந்தால், யாரோ பழைய சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்ஷன் பாலிசியை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.
- நீலப் பெட்டியில் 'விண்டோஸ் உங்கள் கணினியைக் காத்தது' என்று வந்தால் அது ஸ்மார்ட்ஸ்கிரீன். இந்த வழிமுறை அதற்கு உதவாது.

8004 வரியைத் திறந்தால் தடுக்கப்பட்ட பாத் இப்படி இருக்கும்: %ஓஎஸ்டிரைவ்%\யூசர்ஸ்\(பெயர்)\ஆப்டேட்டா\லோக்கல்\... அதன் பின்னே 'ஓடவிடாமல் தடுக்கப்பட்டது' என்று இருக்கும். ஆப்லாக்கர் அந்த பாத்தை எப்படிப் பார்க்கிறதோ அதே வடிவம் இது. ரூல் எழுதும்போது இதைப் பார்த்து எழுதினால் பாதிப் பிழை வராது.

இன்னொன்று. இந்த லாகுகளின் இயல்பான அளவு 1 எம்பி அளவுதான். ஆடிட்டில் போட்ட கணினியில் அது சில மணி நேரத்தில் நிரம்பி, பழைய வரிகள் அழிந்துவிடும். பாலிசி போடும் அன்றே அளவைக் கூட்டிவிடுங்கள்.

## அறிகுறி 1: ஒரு புரோகிராம் மட்டும் திறக்கவில்லை

### அது யூசர் ஃபோல்டரில் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா?

வழக்கமான காரணம் இதுதான். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் இன்ஸ்டால் ஆகிற மீட்டிங் ஆப், சாட் ஆப், சில சமயம் பிரவுசர்கூட, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பாத் ரூல் போட வேண்டாம். யூசர் எழுதக்கூடிய இடம் அது. அந்தக் கம்பெனியின் தளத்தில் 'எல்லா யூசருக்கும்' என்ற வகை எம்எஸ்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மென்பொருள்களில் பெரும்பாலும் இருக்கும். பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு அதைப் போட்டால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய்விடும், ரூலே தேவைப்படாது.

அப்படி ஒரு எம்எஸ்ஐ இல்லை என்றால் பப்ளிஷர் ரூல், அதாவது கையெழுத்திட்ட கம்பெனியை வைத்து அனுமதிப்பது. ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பிராப்பர்டீஸில் பாருங்கள். இருந்தால் பப்ளிஷர், புராடக்ட் பெயர் வரை பூட்டுங்கள், வெர்ஷனை 'இதுவும் இதற்கு மேலும்' என்று விடுங்கள். பப்ளிஷர் பெயர் மட்டும் போதும் என்று விட்டால், அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட ரிமோட் டூல் உட்பட எல்லாமும் ஓடும்.

### ரூல் போட்டும் கேட்கவில்லையா?

எழுத்துப்பிழையைவிட, பாத் எழுதிய விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

ஆப்லாக்கரின் வேரியபிள் வேறு, விண்டோஸின் வேரியபிள் வேறு. %ஆப்டேட்டா%, %யூசர்புரொஃபைல்% இரண்டும் ஆப்லாக்கருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை %விண்டிர்%, %சிஸ்டம்32%, %ஓஎஸ்டிரைவ்%, %புரோகிராம்ஃபைல்ஸ்%, சிடி-டிவிடிக்கு %ரிமூவபிள்%, பென் டிரைவுக்கு %ஹாட்% ஆகிய ஆறும்தான். %புரோகிராம்ஃபைல்ஸ்% என்று எழுதினால் எக்ஸ்86 ஃபோல்டரும் அதிலேயே அடங்கும், தனி ரூல் வேண்டாம்.

சர்வரில் இருக்கும் புரோகிராமுக்கு இசட் டிரைவ், பி டிரைவ் என்று எழுத்தில் ரூல் போட்டால் வேலை செய்யாது. சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாத்தைக் கொடுங்கள். ஃபோல்டருக்கு ரூல் போட்டால் கடைசியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் தடுக்கிறது என்றால் எங்கோ ஒரு டினை ரூல் (தடுக்கச் சொல்லும் ரூல்) இருக்கிறது. டினை எப்போதும் ஜெயிக்கும். நூறு அலவ் ரூல் போட்டாலும் அதன் முன்னால் நிற்காது. பல குரூப் பாலிசிகளில் உள்ள ரூல்கள் ஒன்றுசேர்ந்துதான் கணினிக்கு வரும் என்பதால், உங்கள் பாலிசியில் டினை இல்லாவிட்டாலும் வேறொன்றில் இருக்கலாம். அந்தக் கணினியிலேயே பவர்ஷெல்லைத் திறந்து, கடைசியாகச் சேர்ந்து வந்திருக்கும் பாலிசியை எக்ஸ்எம்எல்லாக எடுத்து 'டினை' என்று தேடுவது குறுக்குவழி.

### கணக்குப் பிரிவின் டி டிரைவ் சமாச்சாரம்

நம் ஊர் அலுவலகங்களுக்கே உரிய தலைவலி இது. டாலியை டி டிரைவில் நேராகப் போட்டு வைப்பார்கள். டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கும் கருவி ஒரு ஜிப் ஃபைலாக வந்து, டி டிரைவிலேயே எங்காவது விரிக்கப்பட்டிருக்கும். புரோகிராமும் டேட்டாவும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். டேட்டா எழுத வேண்டும் என்பதற்காக அந்த ஃபோல்டருக்கு முழு அனுமதி கொடுத்திருப்பார்கள். மாதக் கடைசியில் தடை வந்து, 'இன்றைக்கு மட்டும் அந்த ஃபோல்டரை விட்டுவிடுங்கள்' என்று கேட்பார்கள். விட்டால் அந்த 'இன்றைக்கு மட்டும்' வருடக் கணக்கில் நிற்கும்.

சரியான வழி கொஞ்சம் வேலை வாங்கும். புரோகிராமைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். டேட்டா பாத்தை மட்டும் டி டிரைவில் விடுங்கள். டாலியில் டேட்டா இடத்தைத் தனியாகக் குறிப்பிடலாம். இடம் மாற்ற முடியாத கருவி என்றால், அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் யூசருக்குப் படிக்க, ஓட்ட மட்டும் அனுமதி, உள்ளே இருக்கும் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் எழுத அனுமதி என்று பிரியுங்கள். அப்புறம் பாத் ரூல் போட்டு, எழுதக்கூடிய உள்ஃபோல்டரை அந்த ரூலின் எக்செப்ஷன்ஸில் சேருங்கள்.

ஜாவாவில் எழுதிய கருவிகளில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பேட் ஃபைலைத் தட்டினால் தடுக்கும், பக்கத்தில் இருக்கும் ஜார் ஃபைலைத் தட்டினால் ஓடும். பேட் ஃபைல் ஸ்கிரிப்ட் ரூலுக்குள் வருகிறது. ஜார் எந்த வகையிலும் வராது, ஆப்லாக்கர் பார்ப்பது புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் ஜாவாவை மட்டும். இதை வசதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அறிகுறி 4-இல் இதே ஓட்டை மறுபடி வரும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: புரோகிராமில் கையெழுத்து இல்லை, இடம் மாற்றினால் ஓடவில்லை, தன் ஃபோல்டருக்குள்ளேயே எக்ஸ்இ ஃபைலை எழுதிப் புதுப்பித்துக்கொள்கிறது என்று மூன்றும் சேர்ந்தால், அதை எழுதியவரிடம்தான் போக வேண்டும். ரூலால் தீர்வது இல்லை.

## அறிகுறி 2: நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை

ஹாஷ் ரூலா (ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை வைத்து அனுமதிப்பது)? அப்டேட் வந்திருக்கும், ஃபைல் மாறியிருக்கும், ஹாஷ் பொருந்தாது. புதிய ஹாஷ் சேர்த்தால் அடுத்த அப்டேட் வரை நிம்மதி. வேறு டூலில் எடுத்த எஸ்எச்ஏ256 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பாதீர்கள்; எக்ஸ்இ போன்ற ஃபைல்களில் ஆப்லாக்கர் எடுப்பது ஆத்தென்டிகோட் முறையிலான ஹாஷ், முழு ஃபைலின் ஹாஷோடு அது ஒத்துப்போகாது. கையெழுத்துள்ள ஃபைலுக்கு ஹாஷ் ரூல் போடுவதே வீண் வேலை.

பப்ளிஷர் ரூலா? பழைய ஃபைலின் கையெழுத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி கைமாறினாலோ, சான்றிதழில் பெயர் எழுதும் விதம் மாறினாலோ ரூல் பொருந்தாமல் போகும்.

அப்டேட்டர் மட்டும் தடுக்கப்படுகிறதா? 8004 வரியில் டெம்ப் ஃபோல்டர் தெரிந்தால், புரோகிராம் தன் புதிய பதிப்பை அங்கே இறக்கி ஓட்டப் பார்த்திருக்கிறது. ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டு நீங்களே தள்ளிவிடுவது நல்லது.

'ஆடிட்டில்தானே வைத்தோம், எப்படித் தடுக்கிறது?' இதைக் கேட்காத நிர்வாகி இல்லை. அமலாக்க அமைப்பில் 'நாட் கன்ஃபிகர்டு' என்று இருந்து, உள்ளே ரூல் இருந்தால் அந்த ரூல் அமலாகும். ஆடிட் வேண்டுமென்றால் டிக் போட்டு 'ஆடிட் ஒன்லி' என்று வெளிப்படையாகத் தேர்வு செய்ய வேண்டும். தவிர, ரூல்கள் பல பாலிசிகளில் இருந்து கூடிக்கொண்டே போனாலும், ஆடிட்டா அமலா என்பதில் முன்னுரிமை அதிகமுள்ள பாலிசி சொல்வதே செல்லும். புதிதாக யாரோ இணைத்த பாலிசி உங்கள் ஆடிட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம்.

## அறிகுறி 3: ஸ்டார்ட் மெனு, செட்டிங்ஸ், கால்குலேட்டர் எதுவும் வரவில்லை

விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது என்று ரீஇன்ஸ்டால் வரை போய்விடுவார்கள். பொறுங்கள். எக்ஸ்இ ரூல்களைப் போட்டு அமலாக்கிவிட்டு, பேக்கேஜ்டு ஆப் பகுதியைக் காலியாக விட்டால் ஸ்டோர் வகை ஆப் எதுவும் ஓடாது. ஸ்டார்ட் மெனுவே அந்த வகைதான். லாகில் 8027 வரிசையாக நிற்கும்.

பேக்கேஜ்டு ஆப் ரூல்ஸில் ரைட் கிளிக் செய்து டீஃபால்ட் ரூலை உருவாக்குங்கள். கையெழுத்துள்ள ஆப் எல்லாவற்றையும் அது அனுமதிக்கும். பாலிசி புதுப்பித்து, யூசரை லாக்ஆஃப் செய்து உள்ளே வரச் சொல்லுங்கள். சில ஆப்களை மட்டும் தடுக்க வேண்டுமென்றால் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 4: பாலிசி போட்டாச்சு, எதையும் தடுக்கவே இல்லை

இந்தப் புகார் ஃபோனில் வராது. யாரும் 'தடுக்கவில்லை' என்று கூப்பிட மாட்டார்கள். நீங்களே டவுன்லோட்ஸில் ஒரு சாதாரண எக்ஸ்இயைப் போட்டுச் சோதித்தால்தான் தெரியும்.

1. அட்மினாக உட்கார்ந்து சோதிக்கிறீர்களா? டீஃபால்ட் ரூலில் அட்மினுக்கு எல்லாமே அனுமதி. சாதாரண யூசராக உள்ளே போய்ப் பாருங்கள்.
2. பாலிசி வந்து சேர்ந்ததா? குரூப் பாலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக எடுத்து, புதுப்பிக்கப்படும். அவசரம் என்றால் கையால் புதுப்பியுங்கள். லாகில் 8001 இருந்தால் பாலிசி கணினியில் ஏறிவிட்டது.
3. அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடுகிறதா? ஓடாவிட்டால் ஆப்லாக்கர் வெறும் காகிதம். சர்வீசஸ் ஜன்னலில் போய் ஆட்டோமேட்டிக் ஆக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும். விண்டோஸ் 10 முதல் இது பாதுகாக்கப்பட்ட சர்வீஸ். குரூப் பாலிசியின் சிஸ்டம் சர்வீசஸ் பகுதியில் இருந்து ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.
4. லாகில் 8008 இருக்கிறதா? இந்த எடிஷனில் ஆப்லாக்கர் கிடையாது என்று பொருள். முன்பு புரோ எடிஷனில் குரூப் பாலிசி வழியாக அமலாக்க முடியாது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதலும் விண்டோஸ் 11-இலும், அப்டேட்கள் போட்டிருந்தால், அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. எனவே முதல் மருந்து அப்டேட், புதிய லைசென்ஸ் வாங்குவது அதற்கு அப்புறம்.

இவை நான்கும் சரி, சோதனை எக்ஸ்இயும் தடுக்கப்படுகிறது. ஆனாலும் எங்கோ ஏதோ ஓடுகிறது என்றால் இரண்டு ஓட்டைகளைப் பாருங்கள்.

ஒன்று, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே சாதாரண யூசர் எழுதக்கூடிய இடங்கள் உண்டு. டெம்ப், டாஸ்க்ஸ், டிரேசிங், சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று போகும் ஃபோல்டர் ஆகியவை தெரிந்த உதாரணங்கள். டீஃபால்ட் ரூல் விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும் அனுமதிப்பதால், ஃபைலை அங்கே காப்பி செய்து ஓட்டினால் தடை இருக்காது. சிஸ்இன்டர்னல்ஸின் ஆக்சஸ்செக் டூலை வைத்து, யூசர் குழு எழுதக்கூடிய ஃபோல்டர்களைப் பட்டியல் எடுத்து, டீஃபால்ட் ரூலின் எக்செப்ஷன்ஸில் சேருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்கும் இதையே செய்ய வேண்டும். சில பிரின்டர், ஸ்கேனர் மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிட்டுப் போயிருக்கும்.

மற்றொன்று, பைத்தான், ஜாவா போன்றவை. பைத்தான் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தால் டவுன்லோட்ஸில் கிடக்கும் எந்தப் பைத்தான் ஃபைலையும் அது ஓட்டும். ஆபீஸ் மேக்ரோவும் இப்படித்தான். ஆப்லாக்கர் இவற்றின் உள்ளே பார்ப்பதில்லை. தேவைப்படாதவர்கள் கணினியில் இருந்து அவற்றை எடுத்துவிடுவதே நேரான வழி. மேக்ரோவுக்கு ஆபீஸின் சொந்தப் பாலிசி இருக்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: தணிக்கைக்காரர் 'விண்டோஸோடு வரும் டூல்களை வைத்தே தடையைத் தாண்ட முடிகிறது' என்று எழுதிக்கொடுத்தால், ஆப்லாக்கரில் ஒட்டுப்போட்டு முடியாது. ஆப் கன்ட்ரோல் பக்கம் போக வேண்டும். அது தெரிந்தவர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்; தப்பாகப் போட்ட பாலிசியால் கணினி பூட் ஆகாமலே போகலாம்.

## அறிகுறி 5: நான் அட்மின், என்னையே தடுக்கிறது

யூஏசி (அட்மின் உரிமை தேவைப்படும்போது அனுமதி கேட்கும் வசதி) இருக்கும் கணினியில், அட்மின் யூசர் சாதாரணமாக ஒரு ஃபைலைத் தட்டும்போது அவரிடம் இருப்பது சாதாரண யூசரின் உரிமைதான். அட்மின் ரூல் அவருக்குப் பொருந்தாது. ரைட் கிளிக், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. முடிந்தது.

எம்எஸ்ஐ ஃபைலில் ரைட் கிளிக் செய்தால் அந்த மெனு வராது, கையெழுத்தில்லாத எம்எஸ்ஐ என்றால் 8007 விழும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, அங்கிருந்து எம்எஸ்ஐயை ஓட்டுங்கள். இதைத் தீர்க்க அட்மின் பெயரை வேறு குழுவில் சேர்த்து எல்லாவற்றையும் அனுமதிக்கும் ரூல் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்மின் மெயிலில் வந்த ஃபைலைத் தட்டும் நாள்வரை நன்றாகத்தான் ஓடும்.

## அறிகுறி 6: பவர்ஷெல் திறக்கிறது, ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது

'இந்த லாங்குவேஜ் மோடில் மெத்தட் அழைப்புக்கு அனுமதி இல்லை' என்கிற மாதிரிப் பிழை வந்தால் ஸ்கிரிப்டில் குறை தேட வேண்டாம். ஸ்கிரிப்ட் ரூல் அமலில் இருந்தால் பவர்ஷெல் தானாகவே கன்ஸ்ட்ரெயின்டு லாங்குவேஜ் மோடுக்கு (பல வசதிகளைக் கட்டிப்போட்ட நிலைக்கு) போய்விடும். அனுமதிக்கப்பட்ட ஃபோல்டரில் ஸ்கிரிப்டை வையுங்கள், அல்லது அலுவலகச் சான்றிதழால் கையெழுத்திட்டுப் பப்ளிஷர் ரூல் போடுங்கள்.

8007 லாகில் 'பிஎஸ்ஸ்கிரிப்ட்பாலிசிடெஸ்ட்' என்று தொடங்கும் ஃபைல்கள் டெம்ப் ஃபோல்டரில் தடுக்கப்பட்டதாக வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம். பவர்ஷெல் திறக்கும்போது, தான் தடைக்குள் இருக்கிறோமா என்று பார்க்க அதுவே உருவாக்கிப் பார்க்கும் ஃபைல் அது. அதை அனுமதிக்க ரூல் போட்டால், தடையே இல்லை என்று பவர்ஷெல் நினைத்துக்கொள்ளும்.

## அறிகுறி 7: காலையில் லாகின் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, டிரைவ் வரவில்லை

ஸ்கிரிப்ட் வகைக்கான டீஃபால்ட் ரூலில் சர்வர் பாத் கிடையாது. லாகின் ஸ்கிரிப்ட்கள் இருக்கும் சர்வர் ஃபோல்டர்களான நெட்லாகன், சிஸ்வால் இரண்டுக்கும் நெட்வொர்க் பாத்தில் ரூல் சேருங்கள். டொமைன் பெயரில் ஒரு ரூல் போட்டும் சில கணினிகளில் மட்டும் வரவில்லை என்றால், 8007 வரியில் டொமைன் கன்ட்ரோலர் (டொமைனை நடத்தும் சர்வர்) பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டொமைன் பெயரும் சர்வர் பெயரும் ஆப்லாக்கருக்கு இரண்டு வேறு பாத்கள். ஸ்கிரிப்டை எந்தப் பெயரால் கூப்பிடுகிறீர்களோ அதற்கெல்லாம் ரூல் வேண்டும்.

## அறிகுறி 8: பாலிசியை எடுத்துவிட்டோம், தடை போகவில்லை

சர்வீஸை நிறுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதுதான் சிக்கலையும் கூட்டுகிறது. ரூல்களை அழிக்கும் வேலையைச் செய்ய அந்த சர்வீஸ் ஓட வேண்டும். சர்வீஸை ஓடவிட்டு, ரூல் இல்லாத காலிப் பாலிசியைத் தள்ளுங்கள். 8001 வந்த பிறகு ரீஸ்டார்ட் செய்து, டவுன்லோட்ஸில் வைத்த சோதனை எக்ஸ்இ ஓடுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு சர்வீஸை நிறுத்திக்கொள்ளலாம். சிஸ்டம்32-க்குள் ஆப்லாக்கர் என்ற ஃபோல்டர் இருக்கும். ஏறிய ரூல்கள் அங்கேதான் ஃபைலாகக் கிடக்கின்றன. காலிப் பாலிசிக்குப் பிறகும் பழைய ஃபைல்கள் அப்படியே இருந்தால், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் யாரோ கையால் போட்ட ரூல் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 9: லாகின் ஆனதும் கறுப்புத் திரை, எதுவுமே ஓடவில்லை

டீஃபால்ட் ரூல்களை உருவாக்காமல் ஒரே ஒரு அலவ் ரூல் போட்டு அமலாக்கியிருக்கிறார்கள். ஒரு வகையில் ஒரு அலவ் ரூல் இருந்தாலே, அதில் சொல்லாத எல்லாமும் தடை. விண்டோஸின் சொந்த எக்ஸ்இகளும் சேர்த்து.

அந்தக் கணினியில் உட்கார்ந்து போராட வேண்டாம். ஆப்லாக்கர் சிஸ்டம் அக்கவுன்ட்டில் ஓடுவதைத் தடுப்பதில்லை, குரூப் பாலிசியைக் கொண்டுவரும் சர்வீஸ் அந்த அக்கவுன்ட்டில்தான் ஓடுகிறது. எனவே டொமைன் பக்கம் போய் டீஃபால்ட் ரூல்களைச் சேர்த்து, ஆடிட் ஒன்லிக்கு மாற்றிவிட்டு, கணினியை நெட்வொர்க் கேபிளோடு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வைஃபையில் மட்டும் இருக்கும் லேப்டாப் என்றால் பாலிசி வந்து சேரத் தாமதமாகும், கேபிளைச் செருகுவதே மேல்.

டொமைனில் இல்லாத தனிக் கணினியில் இப்படி ஆனால், தரவை பேக்கப் எடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்ட பிறகே மற்றதைத் தொடுங்கள். டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் ரெக்கவரி கீ யாரிடம் இருக்கிறது என்பதை அவர் வருவதற்குள் கண்டுபிடித்து வையுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.